எலக்ட்ரான் அமைப்பு எழுதும் முறையின் வரலாறு: நிறமாலைக் குறியீட்டிலிருந்து பாடநூல் விதி வரை

ஆய்வுச்சுருக்கம்

மேல்நிலை வகுப்பு வேதியியலில் மாணவர்கள் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்று, தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பை எழுதுதல். அதில் இடம்பெறும் எழுத்துக்கள், எண்கள், நிரப்பும் வரிசை ஆகியன ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை போன்ற தோற்றத்தைப் பாடநூல்கள் தருகின்றன. அவை 1890 முதல் 1936 வரையிலான காலத்தில் வெவ்வேறு துறையினரால் வெவ்வேறு தேவைகளுக்காக உருவாக்கப்பட்டவை. 4எஸ், 3டி துணைக்கூடுகள் குறித்து மாணவர் எழுப்பும் ஐயம் இவ்வரலாறு மறைந்துபோனதன் விளைவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எலக்ட்ரான் அமைப்பு, ஆஃபா தத்துவம், துணைக்கூடு, நிறமாலை, நீல்ஸ் போர், ஸ்டோனர், வேதியியல் கல்வி

முன்னுரை

இக்கட்டுரையாளர் தமிழ்வழியில் பதினோராம் வகுப்பு பயின்றபோது, உடன் பயின்ற மாணவி ஒருவர் வகுப்பில் ஒரு வினா எழுப்பினார். 3டி துணைக்கூட்டைவிட 4எஸ் ஆற்றல் குறைந்தது. ஆகவே அது முதலில் நிரம்புகிறது என்று பாடம் கூறுகிறது. ஆற்றல் குறைந்த இடத்தில் இருக்கும் எலக்ட்ரான் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறாயின், இரும்பு அயனியாகும்போது 4எஸ் எலக்ட்ரான்கள் முதலில் வெளியேறுவது ஏன்? தேர்வுக்கு விதியை எழுதினால் போதும் என்பதே அன்று கிடைத்த மறுமொழி. அம்மறுமொழி ஆசிரியர் ஒருவரின் குறையன்று. பாடநூலில் விடை இல்லாத இடத்தில் ஆசிரியர் வேறு என்ன கூற இயலும்?

அவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி 1922-ஆம் ஆண்டிலேயே கூறப்பட்டுவிட்டது. விதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்த வழியில் அது தவறிப்போயிற்று. எவ்வாறு தவறியது என்பதை அறிய, எலக்ட்ரான் அமைப்பு என்னும் குறியீட்டின் பகுதிகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்று காணவேண்டும். பாடநூல்களில் உரோமன் எழுத்துக்களில் அச்சிடப்படும் துணைக்கூட்டுக் குறிகள் இங்கு எஸ், பி, டி, எஃப் எனத் தமிழ் ஒலியில் தரப்படுகின்றன.

எண்களை வேதியியல் தந்தது

அணுவுக்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கலாம் என்று 1904-இல் ஜே.ஜே. தாம்சன் கணக்கிட்டுக் காட்டினார். அணுக்கருவை ரூதர்ஃபோர்டு முன்வைத்தது 1911-இல். அதன்பின் 1913-இல் நீல்ஸ் போர் எழுதிய மூன்று பகுதிகள் கொண்ட ஆய்வுக்கட்டுரையில், இரண்டாம் பகுதியே நம் பொருளுக்கு முதன்மையானது. ஹைட்ரஜன் முதல் அணு எண் 24 வரையிலான தனிமங்களுக்கு அதில் அவர் எலக்ட்ரான் எண்ணிக்கைகளை வரிசைப்படுத்தியுள்ளார். எழுத்துக்கள் ஏதும் இல்லை. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் நோக்கிய எண்கள் மட்டுமே உள்ளன.

இன்றைய மாணவர் அப்பட்டியலைக் கண்டால் வியப்படைவார். லித்தியம் 2,1, கார்பன் 2,4. இவை இன்றைய விடைகளே. ஆனால் நைட்ரஜனுக்குப் போர் தந்தது 4,3. ஆக்சிஜனுக்கு 4,2,2. நியானுக்கு 8,2. கார்பன்வரை இரண்டாக இருந்த உள்வளையம் நைட்ரஜனில் திடீரென நான்காவதற்கு எந்த இயற்பியல் சமன்பாடும் காரணமன்று. நைட்ரஜனின் இணைதிறன் மூன்று. ஆகவே வெளிவளையத்தில் மூன்று எலக்ட்ரான்கள் இருந்தாக வேண்டும். மீதமுள்ள நான்கும் உள்ளே செல்கின்றன. வளையங்களின் நிலைப்புத்தன்மை பற்றிய கணக்குகளைப் போர் செய்யாமலில்லை. அவை வேதியியல் உண்மையோடு மோதிய இடங்களில் அவர் வேதியியலையே தேர்ந்தெடுத்தார்.

எலக்ட்ரான் அமைப்பு தனிமத்தின் வேதிப்பண்பை விளக்குகிறது என்று நாம் கற்பிக்கிறோம். முதல் பட்டியலில் வேதிப்பண்பே எலக்ட்ரான் அமைப்பை விளக்கியது. இத்திசைமாற்றம் பாடநூல்களில் எங்கும் குறிக்கப்படுவதில்லை.

போரின் இரண்டாம் அட்டவணையும் 72-ஆம் தனிமமும்

1921 முதல் 1923 வரையிலான ஆண்டுகளில் போர் தம் அட்டவணையை முற்றிலும் மாற்றியமைத்தார். இம்முறை ஒவ்வொரு சுற்றுப்பாதைக்கும் இரண்டு குவாண்டம் எண்கள் தரப்பட்டன. கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18, 32 என வளர்ந்தது. ஒவ்வொரு கூடும் தனக்குள் சமபங்குகளாகப் பிரிந்தது: எட்டு என்பது நான்கும் நான்கும், பதினெட்டு என்பது ஆறும் ஆறும் ஆறும். கார்பனின் வெளிப்புற எலக்ட்ரான்கள் நான்கும் ஒரே வகைப் பாதையில் வைக்கப்பட்டன. சார்லஸ் பரி என்னும் பிரித்தானிய வேதியியலாளர் 1921-இல், வேதியியல் சான்றுகளை மட்டும் கொண்டே 2, 8, 18, 32 என்னும் கொள்ளளவுகளைத் தனித்து வந்தடைந்தார். அவர் பெயர் இன்று வேதியியல் மாணவர்க்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இவ்வட்டவணையின் பெருவெற்றியாகக் கருதப்பட்டது ஹாஃப்னியம். 72-ஆம் தனிமம் அருமண் தனிமமாக இராது, சிர்கோனியத்தை ஒத்திருக்கும் என்று போர் கருதினார். கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவிசியும் சிர்கோனியத் தாதுக்களில் எக்ஸ் கதிர் ஆய்வு நடத்தி அதனைக் கண்டறிந்தனர். 1922 டிசம்பர் 11 அன்று நிகழ்த்திய நோபல் உரையின் இறுதியில் போர் இச்செய்தியை அறிவித்தார். வேதியியலாளர் சிலரும் 72-ஆம் தனிமத்தின் இடத்தை முன்னரே அவ்வாறு ஊகித்திருந்தனர் என்பதால், இதனைக் குவாண்டம் கொள்கையின் தனிவெற்றியாகக் கொள்வதற்கில்லை.

அவ்வட்டவணைக்குப் பின்னே வெளியிடப்படாத விரிவான கணக்கீடுகள் இருந்தன என்று வெளிநாட்டு இயற்பியலாளர் பலர் நம்பியதைப் போரின் உதவியாளரான கிராமர்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். உண்மையில் அங்கு இருந்தவை நிறமாலைச் சான்றுகள், வேதியியல் ஒப்புமை, போரின் உள்ளுணர்வு ஆகியனவே.

ஆஃபா என்னும் சொல் இங்குதான் பிறக்கிறது. கட்டியெழுப்புதல் என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொல் அது. நம் பாடநூல்களில் ஆஃபா தத்துவம் என்றே வழங்குகிறது. தத்துவத்திற்குப் பெயர் தந்த அறிஞர் ஆஃபா என்று எண்ணும் மாணவரும் உளர். பவுலி, ஹுண்ட் ஆகிய பெயர்களோடு ஒரே பத்தியில் வருவதால் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. போர் கட்டியெழுப்பியது எதனை? எலக்ட்ரான் ஏதுமற்ற அணுக்கரு ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கவர்ந்து பிணைத்துக்கொள்வதாக அவர் கற்பனை செய்தார். அக்கற்பனையில் அணுக்கரு மாறுவதில்லை, எலக்ட்ரான்களே கூடுகின்றன. பாடநூல் செய்வது வேறு. அது ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்திற்குச் செல்கிறது. ஒவ்வோர் அடியிலும் எலக்ட்ரானோடு அணுக்கருவின் மின்சுமையும் ஒன்று கூடுகிறது. இவ்விரண்டும் ஒன்றே என்று கொள்ளப்பட்டதில்தான் நம் வினாவின் முடிச்சு உள்ளது.

ஸ்டோனரின் பகிர்வு

போரின் சமபங்கு அட்டவணையை உடைத்தவர் கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டிடம் பயின்ற ஆய்வு மாணவர் எட்மண்ட் ஸ்டோனர். அவர் பிறந்தது 1899-இல். கட்டுரை வெளிவந்தது 1924 அக்டோபரில். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் ஒருவர்க்கு இச்செய்தி தரும் ஊக்கத்தை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ஸ்டோனர் தொடங்கியது எக்ஸ் கதிர் நிறமாலையிலிருந்து. கே கூட்டிற்கு ஓர் ஆற்றல் மட்டம், எல் கூட்டிற்கு மூன்று, எம் கூட்டிற்கு ஐந்து, என் கூட்டிற்கு ஏழு என்று ஆய்வுகள் காட்டியிருந்தன. எட்டு எலக்ட்ரான்கள் இரண்டு சமபங்குகளாகப் பிரிந்தால், எல் கூட்டில் மூன்று மட்டங்கள் தோன்றுவது எவ்வாறு? ஒவ்வொரு மட்டத்திற்கும் உரிய உள்குவாண்டம் எண்ணின் இருமடங்கே அம்மட்டம் கொள்ளும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை என்றார் ஸ்டோனர். அவ்வாறு கொண்டால் எல் கூட்டிற்கு 2, 2, 4; எம் கூட்டிற்கு 2, 2, 4, 4, 6; என் கூட்டிற்கு 2, 2, 4, 4, 6, 6, 8. கூட்டிப் பார்த்தால் 8, 18, 32.

இவ்வெண்களை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்காட்டலாம். முதல் இரண்டைத் தனியே விடுக: எஸ் துணைக்கூடு. அடுத்த 2, 4 சேர்ந்து ஆறு: பி. அடுத்த 4, 6 சேர்ந்து பத்து: டி. 6, 8 சேர்ந்து பதினான்கு: எஃப். இன்று மனப்பாடம் செய்யப்படும் 2, 6, 10, 14 என்னும் வரிசை எக்ஸ் கதிர் மட்டங்களை எண்ணியதிலிருந்து இவ்வாறு வெளிப்பட்டது. பர்மிங்காமைச் சேர்ந்த வேதியியலாளர் மெயின் ஸ்மித் அதே ஆண்டில் வேதியியல் சான்றுகள் வழியே இதையொத்த பகிர்வை வெளியிட்டார்.

ஸ்டோனரின் கட்டுரையைச் சோமர்ஃபெல்டு தம் நூலின் புதிய பதிப்பு முன்னுரையில் சுட்டினார். அதைப் படித்தே பவுலி அக்கட்டுரையைத் தேடிச் சென்றார். ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இரா என்னும் தவிர்ப்புத் தத்துவம் 1925-இல் பிறந்தது. அதே ஆண்டில் ஊலன்பெக், கவுட்ஸ்மிட் இருவரும் எலக்ட்ரானின் தற்சுழற்சியை முன்வைத்தனர். பாடநூலில் பவுலி முதலில் வருகிறார். கொள்ளளவுகள் அவர் தத்துவத்திலிருந்து வருவிக்கப்படுகின்றன. தருக்க நோக்கில் அது சரியே. ஆயினும் ஸ்டோனரின் பெயர் அங்கு இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

ஒன்று இங்கு குறிக்கத்தக்கது. பவுலியின் தத்துவம் ஒவ்வொரு துணைக்கூடும் எத்தனை எலக்ட்ரான்களைக் கொள்ளும் என்று கூறுகிறதே தவிர, எது முன்னே நிரம்பும் என்று கூறுவதில்லை.

எழுத்துக்களின் பிறப்பிடம்

எஸ், பி, டி ஆகிய எழுத்துக்களுக்கு மூலமான பெயர்கள் எலக்ட்ரானின் கண்டுபிடிப்பைவிட மூத்தவை. எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897-இல். சோடியம் போன்ற காரஉலோகங்களின் நிறமாலைக் கோடுகளைக் கூர்மையானவை, மங்கிப் பரவியவை என்று லிவிங், டூவர் ஆகியோர் அதற்கு முன்பே பிரித்திருந்தனர். சுவீடன் நாட்டின் ரிட்பெர்க் 1890-இல் வெளியிட்ட ஆய்வில் அக்கோடுகளை முதன்மைத் தொடர், கூர்மைத் தொடர், பரவல் தொடர் எனக் கணித ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். 1907-இல் பெர்க்மான் அகச்சிவப்புப் பகுதியில் ஆராய்ந்த தொடருக்குப் பின்னர் அடிப்படைத் தொடர் என்று பெயர் வந்தது. இந்நான்கு ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களே இன்றைய துணைக்கூட்டுக் குறிகள். எஃப்-க்குப் பின் வருபவை அகரவரிசையில் சென்றுவிட்டன. அவற்றுக்குப் பெயர்க்காரணம் இல்லை.

நெடுஞ்சாலைகளில் அண்மைக்காலம் வரை எரிந்த சோடியம் ஆவி விளக்குகளின் மஞ்சள் ஒளி முதன்மைத் தொடரைச் சேர்ந்தது. அது 3பி நிலையிலிருந்து 3எஸ் நிலைக்கு எலக்ட்ரான் இறங்கும்போது வெளிப்படுகிறது. அதாவது, தொடரின் பெயர் எலக்ட்ரான் எங்கிருந்து இறங்குகிறதோ அந்த மேல்நிலைக்குப் பெயராயிற்று. எஸ் துணைக்கூட்டில் கூர்மையானது ஏதும் இல்லை. டி துணைக்கூட்டில் மங்கலானது ஏதும் இல்லை. ஒளிப்படத்தட்டில் விழுந்த கோட்டின் தோற்றம், அணுவுக்குள் இருக்கும் இடத்தின் பெயராக மாறியது. 1925 முதல் 1927 வரை ஹுண்ட் நிறமாலைகளை எலக்ட்ரான் பகிர்வோடு இணைத்து ஆராய்ந்தார். அக்கால நிறமாலையியலாளர் கையில்தான் 1எஸ்² 2எஸ்² 2பி⁶ என்னும் எழுத்துமுறை வழக்கூன்றியது. ஆர்பிட்டால் என்ற சொல்லை மல்லிக்கன் உருவாக்கியது 1932-இல். சுற்றுப்பாதையைக் குறிக்கும் ஆர்பிட் என்னும் சொல்லுக்கு அது ஒலியில் மிக நெருக்கமாக இருப்பதால், தமிழில் ஒலிபெயர்த்து வழங்கும்போது இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் நீடிக்கிறது.

தமிழ்க் கலைச்சொல் வரலாற்றிலும் இதன் எதிரொலி உண்டு. ஃபிஸ்க் கிரீன் முயற்சியில் 1875-இல் வெளிவந்த கெமிஸ்தம் என்னும் நூலுக்கு எலக்ட்ரான் தேவைப்படவில்லை. அது அன்று அறியப்படவே இல்லை. இன்று தமிழகத்தில் எலக்ட்ரான் அமைப்பு என்றும், இலங்கையில் இலத்திரன் நிலையமைப்பு என்றும் வழங்குகிறோம். இவற்றுள் இலங்கை வழக்கு பொருட்செறிவு மிக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிலை என்னும் சொல், இது பொருள்களை அறைகளில் அடுக்குவதன்று, ஆற்றல் நிலைகளைப் பற்றியது என்பதை நினைவூட்டுகிறது. அமைப்பு என்னும் சொல் அடுக்கிவைத்த அலமாரியையே கண்முன் கொண்டுவருகிறது.

வரிசையும் அம்புக்குறிப் படமும்

1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி என்று செல்லும் நிரப்பும் வரிசை இறுதியாக வந்தது. முதன்மைக் குவாண்டம் எண்ணையும் கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்தது முன்னே, தொகை ஒத்தால் முதன்மை எண் குறைந்தது முன்னே என்பது விதி. பிரான்சின் ஷார்ல் ஜானே 1920-களின் இறுதியில் அமைத்த தனிம அட்டவணையில் இவ்வொழுங்கு வெளிப்படையாக அமைந்துள்ளது. 1936-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் மாடலுங் தம் கணிதக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இதனை விதியாகத் தந்தார். சோவியத் நாட்டில் கிளெச்கோவ்ஸ்கி 1951 முதல் இதற்குக் கொள்கை விளக்கம் தர முயன்றார். ஆகவே ரஷ்ய நூல்களில் விதி அவர் பெயரால் வழங்குகிறது.

மாடலுங் தந்தது தனிமங்களின் அடிநிலை அமைப்புகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்ட ஒழுங்கு. அது அடிப்படைக் கொள்கையிலிருந்து வருவிக்கப்படவில்லை என்பதை லெவ்டின் 1969-இல் எடுத்துக்காட்டினார். 1940-களில் அமெரிக்க வேதியியல் கல்வி இதழில் விஸ்வெசர் உள்ளிட்டோர் இவ்வொழுங்கைக் கற்பித்தலுக்கேற்ற வடிவில் விளக்கினர். சாய்ந்த அம்புக்குறிகள் கொண்ட படம் பாடநூல்களில் பரவியது. மனத்தில் நிறுத்துவதற்கு அப்படத்தைவிட எளிய கருவி இல்லை. ஆனால் அப்படத்தின் அருகே ஆற்றல் ஏறுவரிசை என்று எழுதியபோது, காட்சியில் கண்ட ஒழுங்கு இயற்கை விதியாக மாறிவிட்டது.

விளைவை விதிவிலக்குகளில் காணலாம். குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹ என்னும் இரண்டையும் மாணவர் அறிவர்; பாதி நிரம்பிய துணைக்கூடு நிலைப்புத்தன்மை மிக்கது என்னும் காரணத்தையும் எழுதுவர். குரோமியத்தின் கீழே உள்ள மாலிப்டினம் இதற்கு இசைகிறது. அதன் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்² என நிற்கிறது. நியோபியம் 4டி⁴ 5எஸ்¹. அங்கே பாதியும் இல்லை, முழுமையும் இல்லை. பெல்லேடியத்தில் 5எஸ் எலக்ட்ரானே கிடையாது. விதியிலிருந்து விலகும் தனிமங்கள் ஏறத்தாழ இருபது. பாதி நிரம்பிய நிலை பற்றிய விளக்கம் இரண்டு எடுத்துக்காட்டுகளுக்காக ஆக்கப்பட்டது என்றே கூறத் தோன்றுகிறது.

4எஸ், 3டி: பழைய விடை

நோபல் உரையில் போர் 19-ஆம் எலக்ட்ரானைத் தனியே எடுத்துப் பேசினார். பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றில் அது இன்று 4எஸ் எனப்படும் பாதையில் உறுதியாகப் பிணைக்கப்படுகிறது; அணுக்கருவின் மின்சுமை உயர்ந்துகொண்டே சென்றால், இன்று 3டி எனப்படும் பாதை அதைவிட உறுதியானதாகிவிடும் என்பதே அவர் கருத்து. நிறமாலை ஆய்வுகள் இதனை உறுதிசெய்கின்றன. 19 எலக்ட்ரான்கள் கொண்ட மூன்றை எடுத்துக்கொள்வோம்: பொட்டாசியம் அணு, ஒற்றை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் அயனி, இரட்டை நேர்மின்சுமை கொண்ட ஸ்காண்டியம் அயனி. முதல் இரண்டிலும் கடைசி எலக்ட்ரான் 4எஸ் நிலையில் உள்ளது. மூன்றாவதில் அது 3டி நிலையில் உள்ளது.

ஸ்காண்டியத்தின் அணுக்கருவை மாற்றாமல், போர் எண்ணியவாறே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். மும்மை நேர்மின்சுமை அயனியில் ஆர்கானின் அமைப்பு. அதனோடு சேரும் எலக்ட்ரான் 3டி-க்குச் செல்கிறது. அடுத்தது 4எஸ்-க்கு, கடைசியும் 4எஸ்-க்கே. முடிவில் கிடைப்பது 3டி¹ 4எஸ்². இறுதியில் சேர்ந்தவை முதலில் வெளியேறுகின்றன. இதில் முரண் ஏதும் இல்லை. 3டி ஆற்றல் குறைந்ததாயின் மூன்றும் அங்கேயே செல்லாதது ஏன் என்னும் வினா அடுத்து எழும். 3டி நிலை செறிவானது. அங்கு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாக விலக்குகின்றன. விரிந்த 4எஸ் நிலைக்கு இரண்டு எலக்ட்ரான்கள் செல்வதால் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது. முடிவைத் தீர்மானிப்பது தனியொரு துணைக்கூட்டின் ஆற்றலன்று. அணு முழுமையின் ஆற்றல்.

ஸ்வார்ஸ் போன்றோர் இவற்றை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேதியியல் கல்வி இதழ்களில் விரிவாக எழுதியுள்ளனர். பாடநூலில் மாற்ற வேண்டியது மிகக் குறைவு. அம்புக்குறிப் படம் இருக்கட்டும். அதன்கீழ் ஆற்றல் ஏறுவரிசை என்பதற்கு மாறாக, அணு எண் கூடும்போது புதிய துணைக்கூடுகள் தனிம வரிசையில் தோன்றும் ஒழுங்கு என்று எழுதலாம். இடைநிலைத் தனிமங்களின் அமைப்பை 4எஸ்² 3டி⁶ என்று எழுதாமல் 3டி⁶ 4எஸ்² என்று எழுதினால், வெளியேறும் எலக்ட்ரான்கள் வலப்புற ஓரத்தில் நிற்கும். ஸ்காண்டியத்தின் நான்கு அமைப்புகளையும் நான்கு வரிகளில் அச்சிடலாம். அதற்கு அரைப்பக்கம்கூடத் தேவையில்லை. அன்று அம்மாணவிக்கு அந்நான்கு வரிகளே விடையாக இருந்திருக்கும்.